இருபத்தெட்டாவது பெயர்

ஓச்சி கியோஹரு தன் மகனைப் பற்றி நாலு பேர் முன்னால் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. நாலு பேர் முன்னால் என்ன, தனியாகவும் சொன்னதில்லை. ரியோகி பள்ளிக்கூட பேஸ்பால் அணிக்காகப் பந்து போட்டுப் பதினான்கு பேரை அவுட்டாக்கிய அன்று, "எதிரணிக்காரங்களுக்குக் கண்ணு தெரியலை போல" என்றார். ஊரின் தொழில்முறை அணியான ஹெரான்ஸ், புது ஆள் தேர்வின் ஆறாவது சுற்றில் அவனை எடுத்தபோது, வாழ்த்த வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம், "பந்து பொறுக்கிப் போட ஆள் வேணுமாம்" என்றார். வந்தவர், "அப்படிச் சொல்லாதீங்க, தங்கமான பையன்" என்றார். இவர், "தங்கமா? தகரம்" என்றார். வந்தவர் விடாமல் இன்னும் இரண்டு முறை தங்கம் என்று அடித்துச் சொன்ன பிறகுதான் ஓச்சி தலையைக் குனிந்து டீக் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினார்.

மட்சுயாமாவில் மரியாதை இப்படித்தான் நடக்கும். பெற்றவன் தட்டிவிட வேண்டும், மற்றவன் தூக்கிவிட வேண்டும். மூன்றாவது முறை தூக்கும்போது பெற்றவன் வாயை மூடிக்கொள்ள வேண்டும். மூன்றாவது முறை தூக்க ஆள் இல்லாமல் போனால் என்ன செய்வது என்று மட்டும் எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

ஜனவரி இரண்டாம் ஞாயிறு மதியம் ஃபுசாயோ அக்கா கடையில் அந்தக் கேள்வி ஓச்சிக்கு வந்தது.

கடை, டிராம் பணிமனைக்குப் பின்சந்தில் இருக்கிறது. ஓச்சிக்கு முப்பத்தாறு வருஷமாக டிராம் ஓட்டும் வேலை. அடுத்த மார்ச்சில் ஓய்வு. ஆட்டம் இல்லாத குளிர்காலத்தில் ஞாயிறுதோறும் மூன்று பேர் அந்தக் கடையில் கூடி, ஆட்டத்தைவிட அதிகமாகக் கத்துவார்கள். ஓச்சி ஒருவர். முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் நினோமியா இன்னொருவர். மூன்றாமவர் ஷிரகதா, வீடு விற்றுக் கொடுக்கும் தரகர். ஷிரகதாவின் போனில் எல்லா ஆட்டக்காரர்களின் ஜாதகமும் இருக்கும்; எவன் எந்த ஆட்டத்தில் எந்தப் பந்தில் கோட்டை விட்டான் என்று கேட்டால் உடனே சொல்வார். தன் மனைவியின் பிறந்த நாளைக் கேட்டால் சொல்ல மாட்டார்.

"கசாமட்சுவாம், கசாமட்சு!" ஷிரகதா கொதிக்கும் முள்ளங்கியைக் கடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார். "முப்பத்தஞ்சு வயசு. ரெண்டு முட்டியிலயும் கத்தி வெச்சாச்சு. கவாசாகி அணியிலேருந்து இழுத்துட்டு வந்து, அவனுக்கு நாலு வருஷ ஒப்பந்தம்! கிழட்டு மாட்டை வாங்கிட்டு வந்து வாசல்ல கட்டி, ஊரைக் கூப்பிட்டுக் காட்டுறானுங்க."

"போன வருஷம் இருபத்தேழு ஹோம் ரன்யா" என்றார் நினோமியா. அவருக்குக் கோபம் வந்தால் விரல்கள் தானாகக் கத்தரி பிடிப்பதுபோல் ஆடும். "நம்ம ஆளுங்க ஆறு பேரு சேர்ந்து அடிச்சாலும் இருபத்தேழு வராது. கசாமட்சு வேண்டாம்னா வேற யாரு? உங்க மாமனாரா?"

"கவாசாகி ஸ்டேடியம் எங்க வீட்டுக் குளியலறை சைஸ். அங்க எங்க மாமியாரே வேலியைத் தாண்டி ஹோம் ரன் அடிப்பா."

"அடிப்பாங்க, அடிப்பாங்க. உங்களை அடிச்சுப் பழகின கைதானே."

ஃபுசாயோ அக்கா கரண்டியோடு சிரித்தாள். அவளுக்கு அறுபத்தாறு வயது. எந்த ஆட்டக்காரனையும் அவள் அவன் தின்னும் அழகை வைத்துத்தான் எடை போடுவாள்.

"அந்த அமெரிக்காக்காரப் பிட்சர் ஒருத்தனையும் எடுத்திருக்காங்களே, அவன் எப்படி?" என்று கேட்டாள்.

"ஆறடி ஏழங்குலம்" என்றார் நினோமியா மரியாதையாக.

"ரெண்டு வருஷம் முன்னாடி வந்தவனும் உயரம்தான்" என்றார் ஷிரகதா. "மே மாசம் பொண்டாட்டிக்குப் பிரசவம்னு விமானம் ஏறினான். அந்தக் குழந்தை இப்ப நடக்கவே ஆரம்பிச்சிருக்கும். இவன் இன்னும் திரும்பி வரலை."

"நீங்க என்ன ஓச்சி சான் வாயைத் திறக்க மாட்டேங்கறீங்க?" என்று கேட்டார் நினோமியா.

ஓச்சி, பேசுவதற்கு முன் எதிரே இருப்பதை விரலால் சுட்டிக்காட்டும் வழக்கமுள்ளவர். டிராமில் ஒவ்வொரு சிக்னலையும் சுட்டி, வாய்விட்டுச் சொல்லிப் பழகிய விரல். இப்போது அது சோயா சாஸ் சீசாவைச் சுட்டியது. "முட்டி தேறணும். தேறினா அடிக்கணும். அடிச்சா ஜெயிக்கணும். கொக்கு தலையில வெண்ணெய் வெச்சு, அது உருகிக் கண்ணை மறைச்சதும் பிடிக்கிற கதை இது."

"நாமதானய்யா கொக்கு!" என்று நினோமியா தொப்பியில் இருந்த வெள்ளைக் கொக்கைத் தட்டினார். "முதலாளிங்க ஒத்தக் கால்ல நின்னு வாங்கிட்டு வந்திருக்காங்க. கொக்குன்னா ஒத்தக் கால்லதான் நிக்கும்."

"வாங்கினதுக்கு யாரைக் குடுக்கப் போறோம்? அதைச் சொல்லு" என்றார் ஷிரகதா.

பெரிய ஆட்டக்காரனை இன்னொரு அணியிலிருந்து இழுத்தால் அவன் சும்மா வருவதில்லை. ‘இவர்கள்மேல் கை வைக்காதே’ என்று இருபத்தெட்டுப் பெயர் எழுதி, இழந்த அணிக்கு ரகசியமாகக் கொடுக்க வேண்டும். அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்பவர்களில் ஒருவனை அவர்கள் கைநீட்டி எடுத்துக்கொள்ளலாம். எடுக்கப்பட்டவன் மறுபேச்சில்லாமல் மூட்டை கட்ட வேண்டியதுதான். உண்மையான பட்டியல் ஒருநாளும் வெளியே வராது. அதனாலேயே ரசிகர்கள் குளிர்காலம் முழுக்க ஆளுக்கொரு பட்டியல் எழுதி அடித்துக்கொள்வார்கள். அந்த வருஷம் உள்ளூர்ப் பத்திரிகை நாளுக்கு ஒரு கடையின் பட்டியலைப் படத்தோடு போட்டுக்கொண்டிருந்தது. அன்று ஃபுசாயோ அக்கா கடையின் முறை. மூன்று மணிக்கு நிருபர் வருவதாக இருந்தது.

பழைய வருஷக் காலண்டரின் பின்பக்கத்தில் ஓச்சிதான் எழுதினார். பணிமனைப் பதிவேட்டில் எழுதி எழுதி அவர் கையெழுத்து அச்சுப்போல் இருக்கும். முதல் இருபது பெயர் பேச்சு மூச்சில்லாமல் வந்தது. அடுத்த ஏழுக்கு ஒன்றரை மணி நேரமும் இரண்டு தட்டு மீன் வடையும் ஆயின. ஷிரகதா ஒருமுறை எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பி, கதவு வரை போய்த் திரும்பி வந்தார். கடைசியில் ஒரே ஒரு இடம் மிஞ்சியது. அதற்கு இரண்டு பேர் நின்றார்கள்.

ஒருவர் உராபே. பந்தைக் குந்தியிருந்து பிடிக்கும் கேட்சர், முப்பத்தாறு வயது, பதினேழு வருஷமாக இதே அணி. போன வருஷம் முப்பது ஆட்டம்கூட ஆடவில்லை. ஆனால் தோற்ற நாளிலும் வேலியருகே வந்து ரசிகர்களுக்குத் தலை குனிந்துவிட்டுத்தான் உடை மாற்றப் போவார். ஊரில் அவர் பெயரைச் சொன்னால் மீன் கடையில் ஒரு மீன் கூடுதலாகக் கிடைக்கும்.

இன்னொருவன் ஓச்சி ரியோகி. பந்து போடும் பிட்சர், இருபத்துநாலு வயது.

ஷிரகதா போனைப் பார்த்தார். அவர் கணக்குக்குக் கட்டுப்பட்டவர். "இடது கை. போன செப்டம்பர்ல பதினோரு ஆட்டம். கணக்குப்படி பார்த்தா ரியோகியைத்தான் வைக்கணும்."

"விளையாடாதீங்க" என்றார் ஓச்சி. "அந்தப் பதினொண்ணுல ஆறுல அடி வாங்கினான்."

"அந்த மெதுவா வளையுற பந்து இருக்கே ஓச்சி சான்," என்றார் நினோமியா, "அது நல்ல பந்து. நம்மகிட்ட வேற யாருக்கும் அது வராது."

இது இரண்டாவது தூக்கல். ஓச்சியின் நெஞ்சு சூடாகியது. அந்தப் பந்தை ரியோகி பதினைந்து வயதில் ஆற்றங்கரையில் பழகியபோது அவர்தான் குந்தி உட்கார்ந்து பிடித்தார். இடது கட்டைவிரல் நகம் போய் மூன்று மாதம் வலித்தது. வாய் சொன்னதோ வேறு.

"அவனா? உராபே கால் தூசிக்கு வருவானா அவன்?"

இனி ஷிரகதா சொல்ல வேண்டும். ‘என்ன இருந்தாலும் ரியோகிதான்’ என்று ஒரே ஒரு தடவை. ஓச்சி தலை குனிவார், ‘எல்லாரும் சொல்றீங்க’ என்று முனகிக்கொண்டே எழுதுவார். பேனாவைத் தயாராகப் பிடித்திருந்தார்.

"வடை சூடா இருக்கு, யாருக்கு?" என்று ஃபுசாயோ அக்கா கூவினாள்.

"இங்க, இங்க" என்று கையை உயர்த்திய ஷிரகதா, அந்தக் கையாலேயே பேச்சை முடித்துவிட்டார். "சரி, பெத்தவரே சொல்லிட்டாரு. அவருக்குத் தெரியாததா? உராபேயைப் போடுங்க."

"உராபேயை எப்படி விடறது" என்றார் நினோமியா. அவர் குரலில் ஒரு நிம்மதி தெரிந்தது. உண்மையில் எல்லோருக்கும் உராபேதான் வேண்டியிருந்தது.

பேனா காகிதத்துக்கு ஒரு விரல் மேலே நின்றது. இல்லை, என் பையனைப் போடுங்கள் என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்? விருந்துக்குப் போன வீட்டில் தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்பது போல இருந்தது அவருக்கு. அறுபத்தோரு வயதில் ஒருமுறைகூடக் கேட்டறியாதவர். ஓச்சி அழகான கையெழுத்தில் உராபே என்று எழுதினார். மூவரும் கீழே அவரவர் பெயர் முத்திரையைக் குத்தினார்கள்.

அரிமோட்டோ என்ற அந்த நிருபர்ப் பெண் சரியாக மூன்று மணிக்கு வந்தாள். முத்திரையைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். "ஓச்சின்னா... பிட்சர் ஓச்சி உங்களுக்கு?"

"ஆமாங்க, எங்க வீட்டு உதவாக்கரைதான்."

"அவர் பேரு இதுல இல்லையே! கவாசாகிக்காரங்க கேட்டுட்டா?"

"கேட்டா நானே பார்சல் கட்டி அனுப்பறேன். தபால் கூலிகூட வேண்டாம்!"

கடையே அதிர்ந்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் ஓச்சிதான். அந்தச் சிரிப்போடு, காலண்டர் தாளை மார்புக்கு நேரே பிடித்தபடி, அவள் படம் எடுத்துக்கொண்டாள்.

புதன்கிழமை பத்திரிகையில் அது கால் பக்கம். ‘என் மகனைக் கேட்டால் பார்சல் கட்டி அனுப்புவேன்’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. கீழே, ‘டிராம் ஓட்டுநர் ஓச்சியின் பாரபட்சமற்ற பட்டியல்’. அன்று காலை டிராமில் ஏறிய மூன்று பேர் அவருக்குத் தலை வணங்கினார்கள். "ரசிகர்னா உங்களை மாதிரி இருக்கணும்" என்றார் ஒரு வங்கிக்காரர். ஓச்சி, "அட, நீங்க வேற" என்று சொல்லிக்கொண்டாலும், மதியம் வரை டிராம் வழக்கத்தைவிட லேசாக ஓடியது போலிருந்தது அவருக்கு. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? மனுஷனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது அவர் மனைவி சுமியே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே தடித்த ஒட்டுப் புத்தகம், கத்தரிக்கோல், பசை. பள்ளிக்கூட நாளிலிருந்து ரியோகியின் பெயர் வந்த ஒவ்வொரு துண்டையும் வெட்டி ஒட்டி வைத்திருக்கிறாள். ஓர விளம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரே வரியில் வந்த ஸ்கோர்கூட விடுபட்டதில்லை.

"இதையும் ஒட்டணுமா?" என்று கேட்டாள்.

"என்ன சுமியே..."

"அவன் பேரு வந்திருக்கே. ஒட்டணுமா, வேண்டாமா? சொல்லுங்க."

"பேச்சுக்குச் சொன்னது அது. அவனுக்குத் தெரியாதா? ஊர்ல எல்லாரும் பேசற பேச்சுதானே."

"பேச்சைப் பேச்சாச் சொன்னா காத்துல போயிடும். நீங்க எழுதி, கீழே முத்திரை குத்தியிருக்கீங்க."

அன்றிரவே ஓச்சி மகனுக்கு நீளமாக ஒரு செய்தி தட்டினார். படித்துப் பார்த்து அழித்தார். ‘பேப்பர் பார்த்தியா? சிரிக்கத்தான் போட்டிருக்காங்க’ என்று மட்டும் அனுப்பினார். இரண்டு நாள் கழித்து ஒரு சொல் வந்தது: ‘படிச்சேன்.’ வழக்கமாக ரியோகி ஜனவரி நடுவில் போன் செய்து, அணியின் பயிற்சி முகாமுக்கு எந்தப் படகில் வர வேண்டும், எந்த வேலியோரம் நிற்க வேண்டும் என்று சொல்வான். அந்த வருஷம் போன் வரவில்லை.

இருபத்தோராம் தேதி அறிவிப்பு வந்தது. கவாசாகி எடுத்துக்கொண்டது உராபேயை.

ஊர் இழவு வீடு போலாயிற்று. மீன் சந்தையில் ஒருவன் கசாமட்சுவின் படத்தைத் தலைகீழாக மாட்டினான். ஞாயிறன்று ஃபுசாயோ அக்கா கடையில் நினோமியா அடுத்தடுத்து மூன்று குவளை குடித்தார். அவர் ஒரு குவளைக்கு மேல் தாங்காதவர்.

"பதினேழு வருஷம்யா" என்றார். "கல்யாணம் பண்ணி வெச்ச வீட்டிலேருந்து மாப்பிள்ளையைக் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளின மாதிரி."

"உராபேயை வெளியில நிறுத்தினாங்கன்னா, அந்த இடத்துல யாரை உள்ள வெச்சாங்க?" ஷிரகதா போனை மேசையில் வைத்துவிட்டு ஓச்சியைப் பார்த்தார். "கவாசாகிக்கு இடது கைப் பிட்சர் பஞ்சம். உங்க பையன் வெளியில இருந்திருந்தா முதல் நாளே கொத்திட்டுப் போயிருப்பான். கொத்தலை. அப்ப உள்ள இருந்திருக்கான். இன்டர்நெட்ல எல்லாரும் இதைத்தான் எழுதறாங்க. எனக்கும் அதுதான் சரின்னு படுது."

ரியோகியை வைத்துக்கொண்டார்கள்! பதினேழு வருஷ உராபேயைக் கொடுத்துவிட்டு இவனை வைத்துக்கொண்டார்கள்! ஓச்சி தன் வாழ்க்கையில் காதால் கேட்ட மிக நல்ல செய்தி அது. அதைக் கேட்டுச் சிரிக்க முடியாத இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"நீங்களே சொன்னீங்களே ஓச்சி சான்," நினோமியாவின் கண் சிவந்திருந்தது, "கால் தூசிக்கு வரமாட்டான்னு. நீங்களே சொன்னதுதானே? தூசியை வெச்சுக்கிட்டுக் காலை வெட்டிட்டாங்களே!"

அன்றைக்கு ரியோகியைத் தூக்கிவிட்ட வாய்தான் அது. ஓச்சி இப்போதாவது திருப்பிக் கேட்டிருக்கலாம். ‘நீதானே சொன்னாய், அந்தப் பந்து வேறு யாருக்கும் வராதென்று?’ நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் உடம்பு அவருக்கு முன்னால் முந்திக்கொண்டது. எழுந்து நின்றார். இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டிவைத்து, இடுப்பு வளையக் குனிந்தார்.

"எங்க வீட்டுப் பையனால எல்லாருக்கும் மனக்கஷ்டம். மன்னிச்சுக்குங்க."

ஃபுசாயோ அக்கா கரண்டியை ஓசையோடு வைத்தாள். "எதுக்கய்யா மன்னிப்பு? அவன் என்ன திருடினானா? உங்க மூளையை டிராம்லயே விட்டுட்டு வந்துட்டீங்களா?"

ஓச்சி நிமிரவில்லை. தூக்கிவிட யாராவது வருவார்கள் என்று குனிந்தபடியே காத்திருந்தார். சற்று நேரம் கழித்து நினோமியா, "சரி, பரவாயில்லை விடுங்க" என்றார். மன்னிப்பை வாங்கிக்கொண்டுவிட்டார் மனுஷன். ஷிரகதாவோ மனம் நெகிழ்ந்து, ஓச்சி சானின் பெருந்தன்மை என்று தலைப்பிட்டு, நடந்ததை அப்படியே ரசிகர் பக்கத்தில் எழுதிப் போட்டார். நல்ல எண்ணத்தில்தான் போட்டார். மாலைக்குள் ஆயிரம் பேர் படித்துவிட்டார்கள்.

முகாம் பிப்ரவரி முதல் தேதி மியாசாகியில் தொடங்கியது. ஓச்சி யாரும் அழைக்காமலே கிளம்பினார். சுமியே வரவில்லை.

"அவன் என்கிட்ட போன்ல பேசினான்" என்றாள், வாசலில் அவருடைய காலணியைத் திருப்பி வைத்தபடி. "உங்களைப் பத்தி ஒண்ணும் கேக்கலை. நானும் சொல்லலை."

யவதஹாமாவில் காரோடு படகு ஏறினார். காரின் பின்சீட்டில் பத்துக் கிலோ ஆரஞ்சு, அவரே தோட்டத்துக்குப் போய்ப் பொறுக்கியது. ஐந்து வருஷமாக அவர் கொண்டுபோவது அதுதான். வேலிக்கு மேலே கை நீட்டிக் கொடுப்பார், ரியோகி அங்கேயே ஒன்றை உரித்து வாயில் போட்டுக்கொண்டு, "புளிக்குதுப்பா" என்பான். புளித்ததே இல்லை.

மைதானத்தில் பாதி மட்சுயாமா இருந்தது. கசாமட்சு இரண்டு முட்டியிலும் பட்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கியதும் கூட்டம் அவன் பின்னால் ஓடியது. போன வாரம் அவனைத் தலைகீழாக மாட்டியவர்களும் அதில் இருந்திருப்பார்கள். பயிற்சி வலையிலிருந்து பெரிய மைதானத்துக்குப் போகும் நடைபாதையின் வேலியோரம் ஓச்சி ஆரஞ்சுப் பெட்டியை அணைத்துக்கொண்டு நின்றார். ரசிகர்கள் பத்துப் பதினைந்து பேர் கையில் பந்தும் பேனாவுமாக வரிசையில் இருந்தார்கள். ரியோகி வரிசைக்கு நேரே வந்தான். தோள் அகன்றிருந்தது. ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டு, அந்தப் பெயருக்கென்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துக்கொண்டே நெருங்கினான்.

"ரியோகி."

தொப்பியைக் கழற்றினான். "இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. நன்றி." முந்தின பெண்ணிடமும் அவன் இதே சொற்களைத்தான் சொல்லியிருந்தான்.

"அந்தப் பேப்பர்ல வந்தது..." ஓச்சி தொண்டையைச் செருமினார். "அது சும்மா சொன்னதுடா. ஷிரகதா இன்னொரு தடவை சொல்லுவாரு, அப்ப எழுதலாம்னு இருந்தேன். அந்த நேரம் பார்த்து வடை வந்துடுச்சு."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று அவருக்கே தெரிந்தது. ரியோகி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை.

"தெரியும்பா. சின்ன வயசிலேருந்து தெரியும். மூணாவது தடவை யாராவது சொல்லுவாங்கன்னு உங்க பக்கத்துல உக்காந்து நானும்தானே காத்துக்கிட்டிருந்தேன், ஒவ்வொரு தடவையும்."

ஓச்சியால் எதையும் சுட்டிக்காட்ட முடியவில்லை. விரல் பெட்டியின் கயிற்றில் மாட்டியிருந்தது.

"மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னாரு" என்றான் ரியோகி, குரலைத் தாழ்த்தி. "இருபத்தெட்டாவது பேரு என்னோடதுதான். முடிவு பண்றதுக்கு முந்தி உராபே அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டாராம். தன் பேரு வெளியில நிக்கப்போகுதுன்னு அண்ணனுக்குத் தெரியும். தெரிஞ்சே சொல்லியிருக்காரு. ஓச்சியை விட்டுடாதீங்க, நல்லா போடுவான்னு. ஒரே ஒரு தடவைதான் சொன்னாராம். அது போதும்னு இருந்திருக்கு."

"உராபேயா?"

"ஆமா. அதுக்குத்தான் நீங்க கடையில எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டீங்க. படிச்சேன்."

பின்னால் ஒரு பெண் பந்தை நீட்டிக்கொண்டு தயங்கி நின்றாள். ஓச்சி அவசரமாகப் பெட்டியை வேலிக்கு மேல் தூக்கினார். "ஆரஞ்சு. உனக்குன்னு நானே..."

"சாப்பாட்டுச் சாமான் எல்லாம் அந்த மேசையில குடுக்கணும். இந்த வருஷம் ரூல்."

"அப்பாவுக்குமா?"

"எல்லாருக்கும்தான்." தொப்பியைப் போட்டுக்கொண்டான். "குளிருது. படகு நேரத்தோட கிளம்புங்க." பிறகு அந்தப் பெண்ணின் பந்தை வாங்கி, யார் பேருக்கு எழுதட்டும் என்று கேட்டான். அவள் பெயரைச் சொல்லி, ஓர் எழுத்தை எப்படிப் போட வேண்டும் என்றும் விளக்கினாள். அவன் பொறுமையாகக் கேட்டு எழுதினான்.

நுழைவாயிலருகே நீள மேசை. ஊறுகாய், ரொட்டி, பின்னிய கழுத்துத் துணிகள், கசாமட்சுவின் முட்டிக்கென்று வெந்நீர் ஊற்றுக் களிம்பு. வரிசையில் நின்று ஓச்சி ஒரு சீட்டு நிரப்பினார். கொடுப்பவர் பெயர், ஊர், எந்த ஆட்டக்காரருக்கு. வேறு கட்டம் அந்தச் சீட்டில் இல்லை. அச்சுப்போன்ற கையெழுத்தில் எழுதி நீட்டினார்.

மேசைக்காரப் பெண் சீட்டைப் பார்த்து முகம் மலர்ந்தாள். "அட, ரெண்டு பேரும் ஓச்சி! சொந்தமாங்க?"

‘உதவாக்கரை’ நாக்கில் வந்து தயாராக நின்றது. ஓச்சி அதை விழுங்கினார். விழுங்கக் கொஞ்சம் நேரமாயிற்று.

"என் பையன்" என்றார். "நல்லா போடுவான்."

"ஓகோ" என்று அவள் சீட்டைப் பெட்டியில் ஒட்டினாள். எல்லா வருஷமும் எல்லோரும் தங்கள் ஆளைப் பற்றி இப்படித்தான் சொல்வார்கள் போல. "ரொம்ப நன்றிங்க. அடுத்தவங்க வாங்க."

ஓச்சி இரண்டு அடி தள்ளி நின்றார். பயிற்சி வலைப் பக்கமிருந்து பந்து கையுறையில் விழும் சத்தம் கேட்டது. புதுக் கேட்சர் யாரோ பிடித்துக்கொண்டிருந்தார்.

"நல்லா போடுவான்" என்றார் மறுபடி, கொஞ்சம் உரக்க. ஒரு கிழவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

மூன்றாவது தடவை சொல்ல வாயைத் திறந்தார். குரல் வரவில்லை.